யுடோபியத் தீவில் கூட்டுழைப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பூமியில் எங்கும் இல்லாத ஒரு தீவில், எக்காலத்திலும் பிறந்திராத ஜனங்கள் ஊர்கூடி உழைத்த முறையைப் பற்றியது. போகாத ஊருக்கு வழி எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும்; அந்த எண்ணம் நியாயமானதுதான். ஆயினும், ஒரு சமூகம் எப்படி உழைத்தது என்பதைச் சரித்திரம் நமக்கு எடுத்துச் சொல்லுமேயன்றி, எப்படி உழைத்திருக்க வேண்டும் என்று அச்சமூகத்தின் நல்ல உள்ளங்கள் ஏங்கின என்பதையும், எந்த வேலையைக் கண்ணால் காணவும் அவை கூசின என்பதையும் அதன் கற்பனைகளில்தான் நாம் தேடிக் காண வேண்டியிருக்கிறது. அவ்வகையில், தாமஸ் மோர் படைத்த யுடோபியா என்னும் நூலைவிடத் தெளிவாகப் பேசும் சாட்சி ஐரோப்பிய இலக்கியத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பொதுவுடைமையைப் பேசுவார்கள். அல்லது அதன் சமயப் பொறுமையைப் பேசுவார்கள். நான் அவ்விரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அத்தீவினர் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தை மட்டும் எடுத்துரைப்பதாக உத்தேசம்.

1515ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி, வணிக உடன்படிக்கை பற்றிப் பேசும்பொருட்டுப் பிளாண்டர்ஸ் நாட்டுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் மோரும் ஒருவராக இருந்தார். லண்டன் நகரில் பேர்பெற்ற வழக்கறிஞரான அவருக்கு அப்போது வயது முப்பத்தேழு. பேச்சுவார்த்தை நடுவில் தடைப்பட்டு நின்றபோது கிடைத்த ஓய்வில், ஆண்ட்வெர்ப் நகரத்துப் பீட்டர் கைல்ஸின் நட்பு அவருக்கு வாய்த்தது. நூலின் இரண்டாம் பாகமாகிய தீவின் வர்ணனையை அவர் முதலில் எழுதியது அக்காலத்தில்தான். லண்டனுக்குத் திரும்பிய பின்னர் முதற்பாகத்தை எழுதிச் சேர்த்தார். அவருடைய ஆருயிர் நண்பரான எராஸ்மஸின் மேற்பார்வையில், 1516ஆம் ஆண்டின் இறுதியில், லூவெய்ன் நகரத்து அச்சகத்திலிருந்து லத்தீன் மொழியில் அந்நூல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அது வெளிவந்தது 1551ஆம் ஆண்டில். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அதன் ஆசிரியர், மன்னனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மனச்சாட்சி இடங்கொடாமையால், வெட்டுமேடையில் உயிர் நீத்துவிட்டார்.

அவர் நாட்டில் அன்று உழைத்தவர்களின் நிலையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பளிக்கு விலை ஏறியதனால், நிலப்பிரபுக்கள் விளைநிலத்துக்கு வேலியிட்டு மேய்ச்சல் தரையாக்கினார்கள். ஏர் உழுத குடிகள் வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு வழியோடு போனார்கள். வேலை கேட்டால் கொடுப்பாரில்லை, பிச்சை எடுத்தால் சிறை, திருடினால் தூக்குமரம். வேலை கிடைத்தவர்களின் பாடோ வேறுவகைத் துன்பம். 1495ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் உறுதிசெய்யப்பட்ட சட்டம், மார்ச்சு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரையில் கூலியாள் காலை ஐந்து மணிக்கு முன்னரே வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றும், மாலை ஏழு மணிக்கு மேல்தான் கருவியைக் கீழே வைக்கலாம் என்றும், இடையில் உணவுக்கும் ஓய்வுக்கும் இவ்வளவுதான் நேரம் என்றும் கணக்கிட்டுக் கூறியது. வேலையே இல்லாத ஒரு கூட்டம், வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கூட்டம், இவ்விரண்டுக்கும் மேலே வேலை செய்ய வேண்டாத ஒரு சிறு கூட்டம் என்று மூன்றாகப் பிளந்து கிடந்த நாட்டைப் பார்த்துக்கொண்டே மோர் தம் தீவை வரைந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

அத்தீவு ஆதியில் தீவாக இருக்கவில்லை. அப்ராக்ஸா என்ற பெயருடன் கண்டத்தோடு ஒட்டிக் கிடந்த நிலமாக இருந்தது. யூடோபஸ் என்னும் அரசன் அதை வென்றபின், நிலம் கண்டத்தோடு சேர்ந்திருந்த பக்கத்தில் பதினைந்து மைல் அகலத்துக்கு வெட்டிக் கடலை உள்ளே கொண்டுவரக் கட்டளையிட்டான். இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. தோற்ற குடிகளை மட்டும் அந்த வெட்டுவேலைக்கு அனுப்பினால், அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாக அவர்கள் எண்ணக்கூடும் என்று கருதி, வென்ற தன் படைவீரர்களையும் அவர்களோடு சேர்த்தே மண் வெட்டவைத்தான் அவன். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு வேலை பங்கிடப்பட்டதால், எவரும் எதிர்பாராத விரைவில் அது முடிந்தது. பைத்தியக்கார முயற்சி என்று நகைத்த அண்டை நாட்டார், முடிந்ததைக் கண்டு வியப்பும் அச்சமும் கொண்டார்களாம். நாடுகளின் தோற்றத்தைச் சொல்லும் புராணக் கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் யுத்தமும் யாகமும் தெய்வப் பிரசாதமும் வரும். வென்றவனும் தோற்றவனும் ஒரே குழியில் இறங்கி வெட்டியதால் ஒரு நாடு பிறந்தது என்று சொல்லும் கதை, நான் அறிந்தவரையில், மிகவும் அபூர்வம். அத்தீவின் பிற்காலச் சம்பிரதாயங்கள் யாவும் அந்த ஒரு கால்வாயிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன்.

தீவில் ஐம்பத்துநான்கு நகரங்கள். ஒவ்வொரு நகரத்தைச் சுற்றிலும் பரந்த விளைநிலம். அந்நிலத்தில் ஆங்காங்கே ஏர்க்கருவிகள் யாவும் அமைந்த பண்ணை வீடுகள். ஒரு பண்ணை வீட்டில் ஆணும் பெண்ணுமாக நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். ஆனால் அவர்களில் எவரும் அங்கே பிறந்து அங்கேயே மடியும் குடியானவர்கள் அல்லர், எல்லாரும் நகரத்தார். இரண்டாண்டுக் காலம் உழவு செய்தபின் ஆண்டுதோறும் இருபது பேர் நகரத்துக்குத் திரும்புவார்கள். அவர்கள் இடத்துக்கு நகரத்திலிருந்து வேறு இருபது பேர் வருவார்கள். ஓராண்டு அனுபவம் பெற்று இன்னும் ஓராண்டு இருக்கப்போகிறவர்கள், புதிதாக வந்தவர்களுக்கு விதைக்கவும் உழவும் கற்றுத்தருவார்கள். ஒரே சமயத்தில் எல்லாரும் புதியவர்களாக இருந்துவிட்டால், அறியாமையால் விளைச்சல் கெட்டு நாட்டில் பஞ்சம் வந்துவிடும் அல்லவா? அதற்காகவே பாதிப் பாதியாக இந்த மாற்றம். உழவில் இயல்பாகவே ஆசை கொண்டவர்கள் அனுமதி பெற்று மேலும் சில ஆண்டுகள் தங்குவதும் உண்டு. அங்கே கோழி முட்டைகளை அடைகாக்கக் கோழிக்கு விடுவதில்லை. ஒரே சீரான வெப்பத்தில் வைத்துப் பொரிக்கச் செய்கிறார்கள். ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்த குஞ்சுகள், தாயைத் தொடர்வதுபோல மனிதரைத் தொடர்ந்து ஓடுகின்றன. நேற்றுவரை நகரத்தில் நெய்துகொண்டிருந்த ஒருவனுடைய காலடியில் இன்று அக்குஞ்சுகள் மொய்ப்பதை மனக்கண்ணால் பார்க்கும்போது, மோர் தம் தீவைத் தத்துவமாக மட்டும் எண்ணவில்லை, அதில் சற்று நடந்தும் பார்த்தார் என்று தோன்றுகிறது.

அறுவடைக் காலம் நெருங்கும்போது, எத்தனை கைகள் தேவை என்பதைப் பண்ணைத் தலைவர்கள் நகரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள். குறித்த நாளில் அத்தனை பேரும் வந்து சேர்வார்கள். வானம் தெளிந்திருந்தால், ஏறக்குறைய ஒரே நாளில் அறுவடை முழுவதும் முடிந்துவிடும். மோர் இதை இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. விருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவற்றை அவர் எழுதியிருக்கலாகாதா என்று ஏங்குகிறது மனம். எனினும் அந்த ஒருநாள் அறுவடை எப்படிச் சாத்தியமாகிறது என்று யோசித்தால், அதில் அடங்கிய சூட்சுமம் புலப்படும். வந்து இறங்கும் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமன்று. பிள்ளைப் பருவத்தில் பள்ளியில் உழவின் இலக்கணத்தைக் கற்று, நகரத்தை அடுத்த வயல்களுக்கு விளையாட்டுப்போல் அழைத்துச் செல்லப்பட்டு அங்கே கைவேலையும் பழகி, பின்னர் இரண்டாண்டு பண்ணையிலே வாழ்ந்தும் தேறியவர்கள் அவர்கள். தச்சனுக்கும் கொல்லனுக்கும் நெசவாளிக்கும் அரிவாள் பிடிக்கத் தெரியும். தேவைப்படும் நாளில் ஊர் முழுவதும் உழவராகிவிடக்கூடிய நிலையை, தேவைப்படாத நாட்களில் பொறுமையாக உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அவசரம் வந்தபின் கூட்டுழைப்புக்கு முரசறைவது எளிது. அறைந்தால் பயன் விளையும்படி ஜனங்களைப் பழக்கி வைப்பதுதான் அரிது.

நகரத்தில் ஒவ்வொருவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், உழவுக்கு மேல் ஒரு தொழில் உண்டு. முற்பகலில் மூன்று மணி நேரம், உணவும் இரண்டு மணி ஓய்வும் கழிந்தபின் மறுபடி மூன்று மணி நேரம், ஆக நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே வேலை. பதினான்கு மணி நேரம் ஆளைக் கட்டிப்போடும் சட்டம் உள்ள நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதியவர், படிப்போர் நம்பமாட்டார்கள் என்று அறிந்து, கணக்கும் கொடுக்கிறார். மற்ற நாடுகளில் உழைக்காமல் உண்போரை எண்ணிப் பாருங்கள் என்கிறார்: நிலப்பிரபுக்கள், அவர்கள் பின்னே சும்மா திரியும் பரிவாரங்கள், துறவிக் கூட்டங்கள், நோயை நடித்துப் பிச்சை ஏற்கும் திடகாத்திரர்கள், உழைப்பவர்களிலும் ஆடம்பரப் பொருள் செய்து காலம் போக்குவோர் எத்தனை பேர்! அத்தனை பேரும் அவசியமான தொழில்களில் இறங்கிவிட்டால், ஆறு மணி நேரம் போதும் என்பது மட்டுமன்று, மிச்சமும் வரும். மேலும் அத்தீவினர் வேலையை உற்பத்தி செய்துகொள்வதில்லை. வேலைநேரத்தில் அணியும் தோலாடை ஏழாண்டு உழைக்கும். வீட்டைப் பழுது தோன்றும்போதே செப்பனிடுவதால், இடித்துக் கட்டும் செலவு நேர்வதில்லை.

உழைப்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள், ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமும் சேர்த்து, ஐந்நூறு பேருக்குள் அடங்குவர். அவர்களில் சைபோகிராண்டுகள் என்னும் இருநூறு தலைவர்களும் சேர்ந்தவர்கள். எவரும் சோம்பி உட்காராமல் பார்ப்பது அவர்கள் உத்தியோகம். சட்டம் அவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆயினும் பிறர் தம்மைப் பார்த்து ஊக்கம் பெற வேண்டும் என்பதற்காக, அவ்விலக்கை அனுபவிக்காமல் அவர்களும் வேலை செய்கிறார்கள். கல்விக்கென விலக்குப் பெற்றவன் எதிர்பார்த்த அளவு தேறாவிட்டால் மறுபடி தொழிலுக்கு அனுப்பப்படுவான்; தொழிலாளி ஒருவன் ஓய்வு நேரத்தில் கற்றுத் தேறினால் கல்விமான்கள் வரிசையில் வைக்கப்படுவான். எல்லாருக்கும் வேலை முடிந்து கைகள் மிஞ்சிவிட்டால், பெருந்திரளாகப் புறப்பட்டுப் போய்ப் பழுதான பாதைகளைச் செப்பனிடுகிறார்கள். அந்த வேலையும் இல்லாதபோது அதிகாரிகள் என்ன செய்கிறார்கள்? வேலை நேரத்தைக் குறைத்துவிட்டதாகப் பறைசாற்றுகிறார்கள்! குடிகளை வீணான வேலையில் வைத்து வதைப்பது ராஜ்யத்தின் நோக்கமன்று. கூடியமட்டும் அவர்களுடைய பொழுதை அறிவின் வளர்ச்சிக்கு மீட்டுக்கொடுப்பதே நோக்கம். உலகத்தின் பல பாகங்களில் பொதுவேலை என்ற பெயரால் ஆளுவோர் தம் சொந்த வேலைக்கு ஏழைகளை இழுத்துச் சென்ற கதைகளை அறிந்த எவரும், இந்த ஒரு விதிக்காகவே மோரைக் கைகூப்பி வணங்கலாம்.

இனி, சொல்ல மனம் கூசுகின்ற பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அத்தீவைப் புகழ்வது, இவ்வவைக்கு நான் செய்யும் துரோகமாகும். நாற்பது பேர் கொண்ட பண்ணை வீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்நாற்பது பேருக்கு மேல் அங்கே இரண்டு அடிமைகள் உண்டு. நகரத்தில் முப்பது குடும்பங்களுக்கு ஒரு பொது உணவுச்சாலை. சமையலைப் பெண்கள் குடும்பம் குடும்பமாக முறைவைத்துச் செய்கிறார்கள். ஆனால் அங்கே கடினமும் அழுக்கும் ஆன வேலை யாவும் அடிமைகளுடையது. ஆடுமாடுகளை ஊருக்கு வெளியே கொன்று, ஓடும் நீரில் கழுவிக் கொண்டுவருபவர்களும் அவர்களே. குடிமக்கள் அதைச் செய்யலாகாது. உயிர்க்கொலையைப் பழகினால் மனித சுபாவத்தின் மிக மென்மையான குணமாகிய காருண்யம் சிறிதுசிறிதாகத் தேய்ந்துவிடும் என்பது அவர்கள் காட்டும் காரணம். எவ்வளவு நுட்பமான காரணம், எவ்வளவு கொடிய முடிவு! அந்த அடிமையின் நெஞ்சிலும் காருண்யம் என்று ஒன்று இருந்து தேயுமே என்பது, இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த ஜனங்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை.

மோருக்கு நியாயம் வழங்கவேண்டுமானால், இவ்வடிமைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறப்பால் அங்கே எவரும் அடிமையல்லர். அடிமையின் குழந்தை அடிமையாவதில்லை. பெருங்குற்றம் செய்த சொந்தக் குடிகளும், பிற நாடுகளில் மரணதண்டனை விதிக்கப்பட்டு விலைக்கு வாங்கப்பட்டவர்களும், அத்தீவினர் தாமே நேரில் பொருத யுத்தத்தில் பிடிபட்டவர்களுமே அவர்கள். அயல்நாட்டில் உழைத்து நொந்த ஏழைகள் தாமாகவே விரும்பி வந்து சேர்வதும் உண்டு, அவர்களை அன்புடனேயே நடத்துகிறார்கள். சில்லறைத் திருட்டுக்கும் தூக்குமரம் காத்திருந்த இங்கிலாந்தில் இது கருணைத் திட்டமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் சங்கிலி சங்கிலிதான். பொன்னை இழிவாக்கும்பொருட்டு அத்தீவினர் அடிமைகளின் சங்கிலியைப் பொன்னால் செய்து பூட்டினார்கள்; அதனால் பொன்னின் பெருமை குறைந்திருக்கலாம், சங்கிலியின் கனம் குறையவில்லை.

ஊரின் அழுக்கு வேலையைச் செய்பவர் யார் என்ற வினாவுக்கு மோரே மற்றொரு விடையும் வைத்திருக்கிறார். நூலின் இறுதிப் பகுதியில், சமயங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பியூத்ரெஸ்கே என்னும் ஒருவகைத் துறவிகள் வருகிறார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை, பாதை செப்பனிடல், சாக்கடை துப்புரவு, பாலம் பழுதுபார்த்தல், புல்தரையும் மணலும் கல்லும் தோண்டல், மரம் அறுத்தல், விறகும் தானியமும் வண்டியேற்றி நகரத்துக்குக் கொண்டுவருதல் என்று, பிறர் அருவருத்தும் அஞ்சியும் ஒதுங்கும் வேலைகளை எல்லாம் அவர்கள் மகிழ்ச்சியோடு தலைமேற்கொள்கிறார்கள். பிறருக்கு ஓய்வு தந்து தாம் ஓயாது உழைக்கிறார்கள். பிறர் வாழ்க்கையைப் பழிப்பதில்லை, தம் வாழ்க்கையைப் புகழ்ந்துகொள்வதுமில்லை. எவ்வளவுக்கு அடிமைபோல் நடக்கிறார்களோ அவ்வளவுக்கு ஊரார் அவர்களைக் கௌரவிக்கிறார்கள். இளமையில் லண்டன் கார்த்தூசியத் துறவிகளின் மடத்தை அடுத்துச் சுமார் நான்கு ஆண்டுகள் தவவாழ்க்கையைப் பழகியவரும், உயர் பதவியில் இருந்தபோதும் பட்டாடைக்கு உள்ளே முரட்டு ரோமச் சட்டையை அணிந்தவருமான மோரின் இருதயம் பேசும் இடம் இது.

ஆக, ஊரின் அழுக்கை எடுப்பவர் யார் என்ற கேள்விக்கு, ஒரு பக்கம் அடிமை, மறுபக்கம் மகான். இரண்டு விடையும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை என்பதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. சாதாரண மனிதன் அந்த வேலைக்கு உரியவனல்லன் என்பதே அவ்வெண்ணம். தாழ்ந்தவன் செய்யட்டும் அல்லது உயர்ந்தவன் செய்யட்டும், நடுவிலுள்ள நாம் கையை நனைக்க வேண்டாம் என்று ஊர் சொல்கிறது. வியப்பு என்னவென்றால், இதற்குப் பரிகாரம் மோரின் கையிலேயே இருந்தது. உழவு கடினமான வேலை. எவனையும் ஆயுள் முழுவதும் அதில் கட்டிவைப்பது அநீதி என்று கண்டுதானே இரண்டாண்டு முறையை வகுத்தார்? அந்த முறையை வயலிலிருந்து உணவுச்சாலையின் பின்கட்டுக்கும், கொலைக்களத்துக்கும், சாக்கடைக்கும் நீட்டியிருந்தால், அடிமைக்கு அவசியமே இராது. மகான்களும் தங்கள் நேரத்தை நோயாளிகளிடமே செலவிட்டிருப்பார்கள். கொலை செய்வதால் நெஞ்சு மரத்துப்போகும் என்பது மெய்யானால், ஒருவனையே அதில் நிரந்தரமாக நிறுத்தாமல் முறைமாற்றிக்கொள்ள அதுவே பலமான காரணமாகும். அன்றி, அக்கொலையே நமக்கு வேண்டாம் என்று ஊர் முடிவுசெய்தாலும் செய்யலாம். கால்வாய் வெட்டிய நாளில் யூடோபஸ் அறிந்திருந்ததை, அவன் சந்ததியார் சாப்பாட்டு மண்டபத்தில் மறந்துவிட்டார்கள்.

இந்தத் திருத்தத்தை மோரின் வாசகர் ஒருவர் தம் செய்கையால் செய்து காட்டினார். வாஸ்கோ தெ கிரோகா என்னும் ஸ்பானிய நீதிபதி, 1531ஆம் ஆண்டில் மெக்ஸிகோவின் உயர்நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தவர். படையெடுப்பால் வீடும் நிலமும் இழந்து திரிந்த, இந்தியர் எனப்பட்ட அந்நாட்டு ஆதிக்குடிகளைக் கண்டு, 1532ஆம் ஆண்டில் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு மெக்ஸிகோ நகருக்கு அருகில் சாந்தா ஃபே என்ற ஊரை நிறுவினார். சில காலத்துக்குள் மிச்சோவகான் நாட்டில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் அதே பெயரால் மற்றோர் ஊரையும் அமைத்தார். பின்னர் அந்நாட்டின் பிஷப்பாகி, 1565ஆம் ஆண்டில் காலமானார். அவர் அவ்வூர்களுக்கு எழுதிவைத்த விதிகளில் மோரின் தீவைக் கண்முன்னே காணலாம்: எல்லாருக்கும் பொதுவான உழவு, அதற்கு மேல் ஆளுக்கொரு தொழில், நாளொன்றுக்கு ஆறு மணி நேர வேலை, பண்ணைகளில் இரண்டாண்டு முறைவாசம், விளைந்ததில் அவரவர் தேவைக்கேற்ற பங்கு, எஞ்சியது விதவைக்கும் அநாதைக்கும் நோயாளிக்கும். அடிமைக்கு மாத்திரம் அவ்விதிகளில் இடமில்லை. இந்தியர்களை அடிமையாக்கலாம் என்று 1534ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு மறுபடியும் அனுமதித்தபோது, அதை எதிர்த்து 1535ஆம் ஆண்டில் நீண்ட வாதம் எழுதி அனுப்பியவர் கிரோகா. அந்த வாதத்திலேயே மோரை மிக்க மரியாதையுடன் பாராட்டுகிறார். லண்டனில் மோரின் தலை வீழ்ந்ததும் அதே ஆண்டில்தான்.

கிரோகாவின் ஊர்களும் குறையற்றவை அல்ல. விதியை எழுதியவர் ஒருவர், கீழ்ப்படிந்தவர்கள் வேறு பலர். ஸ்பானியர் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மத்திய மெக்ஸிகோவின் நாவா மக்களிடத்தில் முறைவைத்து ஊர்வேலை செய்யும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பிற ஸ்பானியர் கையில் அந்த வழக்கமே கட்டாய வேலைக்கு ஆள்பிடிக்கும் கருவியாக மாறிச் சீரழிந்தது. கூட்டுழைப்பில் பழகிய கைகள் உள்ள நாட்டில்தான் கிரோகா தம் விதியை விதைத்தார். அக்கைகளுக்கு உரிய பெருமையைச் சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை. எனினும் மிச்சோவகானின் புரேபெச்சா மக்கள் இன்றளவும் அவரைத் 'தாத்தா வாஸ்கோ' என்று, அவர்கள் வழக்கில் தந்தையை அழைக்கும் சொல்லால், அன்போடு வழங்குகிறார்கள் என்றால், அது வெறும் அதிகாரத்துக்குக் கிடைக்கும் பெயரன்று.

அவ்விதிகளில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். ஊரில் எவருடைய வீடாயினும், கோயிலாயினும், பிற கட்டடமாயினும், புதிதாகக் கட்டவோ பழுதுபார்க்கவோ நேர்ந்தால், எல்லாரும் சேர்ந்தே அதைச் செய்ய வேண்டும். மனமுவந்து ஒருவருக்கொருவர் துணைநின்று ஊக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். சோம்பலாலும் அற்ப புத்தியாலும் வேலைக்கு ஒளிந்துகொள்வது அவலட்சணம் என்று அவ்விதி குடிகளை நேரே விளித்துச் சொல்கிறது. ஒளிந்துகொள்பவனைக் கண்டுபிடிக்க மோர் தம் தீவில் நகரந்தோறும் இருநூறு தலைவர்களை நியமித்தார். கிரோகாவோ, சுவர் எழுப்பவும் கூரை வேயவும் எல்லாரையும் ஒரே இடத்துக்கு அழைத்துவிட்டு, வராதவன் யார் என்பதை வந்தவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.